கத்தரிப்பூ நிறம்

ஆக்சிஜன் முகமூடியைச் சற்றே தூக்கி, ஈரப்பஞ்சால் பூமாரியின் உதடுகளை நனைத்தான் தளவாய். விழுங்கும் தசைகளும் தளர்ந்துவிட்டதால், மனைவிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் பூமாரிக்கு வேலை. போன ஓணக் கூட்டத்தில், மேல்தட்டுச் சேலையை எடுக்க அவளுக்குக் கை எழும்பவில்லை. பிறகு பஸ் படி ஏற முடியவில்லை. நின்றே வேலை பார்க்கிற அசதி என்று ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். இமைகள் கத்தரிப்பூ நிறமானபோது, ஆருக்கு இந்த மேக்கப் என்று கடைப்பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மெடிக்கல் காலேஜில் தோல் டாக்டர்தான் அந்த இமைகளை உற்றுப் பார்த்தார். விரல் முட்டிகளின் சிவந்த தடிப்பைத் தடவினார். "கை ஊன்றாம எழுந்திருங்க" என்றார். முடியவில்லை. ரத்தத்தையும் தொடைச்சதையில் ஒரு துணுக்கையும் எடுத்துச் சோதித்தார்கள். நோயைத் தடுக்கவேண்டிய சக்தியே அவள் தசைகளைத் தாக்குகிறது என்றார்கள். வியாதியின் பெயர் தளவாயின் வாயில் நுழையவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையில் பூமாரிக்கு முகம் உப்பியது, பலமும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் ஸ்நேகாவைத் தானே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள். மழை தொடங்கியதும் வறட்டு இருமல் பிடித்தது. நோய் நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. வேறு மருந்துகள் ஏற்றியும் நிற்கவில்லை.

காலையில் வார்டு டாக்டர் ஆனந்தகிருஷ்ணன் அவனை வராந்தாவுக்கு அழைத்தார்.

"குழாய் வச்சா மெஷின் மூச்சு கொடுக்கும். ஆனா நுரையீரல் தேறும்னு எனக்குத் தோணலை. வேண்டாம்னா, மூச்சு முட்டாம இருக்க மருந்து தரேன்."

தளவாய் உள்ளே வந்து மனைவியிடம் சொன்னான்.

"வச்சா பேச முடியாதோ?" என்றாள் பூமாரி.

"முடியாதாம்."

"சரியாயிருமா?"

அவன் போர்வையை இழுத்துவிட்டான்.

"அப்ப வேண்டாங்க."

"வச்சுத்தான் பாப்பமே, பூமாரி."

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். "பிள்ளைக்கு போன் போடுங்க."

குழந்தைகளை வார்டுக்குள் விடாததால், ஸ்நேகா கீழே ஆஸ்பத்திரி முற்றத்தில் பக்கத்துவீட்டுச் சரோஜத்தோடு இருந்தாள். தளவாய் போனை மனைவியின் காதருகே பிடித்தான்.

"அம்மா, இவிட ஒரு பூச்ச குட்டி போட்டிருக்கு."

"பூனையா? எத்தன குட்டி?"

"மூணு. இல்ல... ஒண்ணு கார் அடியில இருக்கு."

"தொடாத பிள்ள. தாய்ப்பூன பிராண்டிரும்."

"செரி."

தளவாய் வெளியே போனான். "அவ வேண்டாம்ங்கா சார்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மருந்து ஏறியதும் அவள் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. பிறகு அவள் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்தபோது மூச்சு நின்றிருந்தது.

அவன் கீழே இறங்கினான். அவன் முகத்தைப் பார்த்ததும் சரோஜம் எழுந்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஸ்நேகா ஓடிவந்தாள். அவளது ஒரு செருப்பின் வார் கழன்று தரையில் இழுபட்டது.

தளவாய் குத்தவைத்து அதை மாட்டிவிட்டான்.

"மேல போலாமா அப்பா?"

சரியாக இருந்த இன்னொரு செருப்பின் வாரையும் அவிழ்த்து, மெதுவாக மறுபடி மாட்டத் தொடங்கினான்.