மூன்றாவது பொத்தான்

எட்டுப் பொத்தான் வேண்டும் என்ற மேலாளரை, "உங்க பிள்ளை என்ன ஆபீஸா நடத்துது?" என்று கேட்டு மடக்கியவள் ச்யூ லான். அவள் வடிவமைத்த குழந்தைகள் போனில் மூன்றே பொத்தான்கள்: அம்மா, அப்பா, போலீஸ் மாமா. சீனாவின் ஷென்ஜென் நகரப் பிள்ளைகளுக்குப் போலீஸ்காரர் என்றால் மாமாதான். மூன்றாவதை அழுத்தினால் பிள்ளை நிற்கும் இடமும் அவருக்குத் தெரிந்துவிடும். முதல் போனை மகள் தோங்தோங்கின் கழுத்திலேயே மாட்டியிருந்தாள்.

பள்ளி விடும் நேரத்தில் மகள் அழைத்தாள்.

"அம்மா, நீ வர வேணாம். போலீஸ் மாமா வந்துட்டாரு."

"எந்த மாமாடி?"

"மூணாவது பட்டன் மாமா! தினமும் பேசுவாரே. நூடுல்ஸ் சாப்பிட்டியான்னு கேப்பாரு."

சோதனைக்காக மூன்றாவது பொத்தானில் ச்யூ லான் போட்டிருந்தது அலுவலகத்தின் பழைய எண். அந்த எண் வேண்டாமென்று போன மாதம் அலுவலகத்தார் தொலைபேசி நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். அது இப்போது யாரிடமோ இருக்கிறது. போனில் அதை மாற்ற மறந்தது அவள்தான்.

"கண்ணு, டீச்சர்கிட்ட ஓடு! அவரு போலீஸ் தொப்பி போட்டிருக்காரா?"

"தொப்பி இல்லம்மா. போனைக் கழட்டித் தரச் சொல்றாரு. வச்சிடட்டுமா?"