மாடிப்படிக் கேள்வி

மன்சூராவில் எங்கள் ஆய்வு அலுவலகம் நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வேலை செய்யாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நைல் டெல்டா முழுக்கப் பல்லாயிரம் பேரின் இதயத்தை வருடக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வு அது. ஆண்டுக்கு ஒருமுறை அவர்களுக்குப் போன் போட்டு, திரையில் வரும் கேள்விகளை எழுத்து மாறாமல் வாசித்துப் பதிலைப் பதிவதுதான் என் வேலை. நெஞ்சு வலியைப் பற்றி இந்த மாகாணத்திலேயே அதிகம் பேசியவன் நானாகத்தான் இருப்பேன்.

அப்படிப்பட்ட நான், ரமலான் முடிந்ததிலிருந்து தினமும் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை ஆழ்ந்து படிப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவார்கள். இடது கை கனக்கும். கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். விளம்பரம், பெண்களுக்கான தையல் வகுப்பு.

டாக்டரிடம் போகவில்லை. இதே வலிக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்து போன அப்பாவை நாங்கள் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். எனக்கும் அதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். மனைவி நஜ்லாவிடம்கூட மூச்சுவிடவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் நலம் விசாரித்தால் பதிலுக்கு விசாரிக்காமல் விடுவது, வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். அதனால் ஆய்வின் ஒவ்வொரு கேள்வியும் என்னிடமே திரும்பி வரும். “தூக்கம் நல்லா வருது, உனக்கு எப்படிப்பா?” என்பார்கள். “நல்லா இருக்கேன், நன்றி” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவுவேன். மேற்பார்வையாளர் நெவின் மேடம் பதிவுகளைக் கேட்டுவிட்டு, “ராகிப், இது ஆய்வா, கல்யாண வீடா?” என்று கடிந்துகொள்வார்.

அன்று வரிசையில் வந்தவர் கரீப். பக்கத்து ஊரான தல்காவுக்கு மைக்ரோபஸ் ஓட்டுபவர். ஓட்டுநரை நாங்கள் ‘உஸ்தா’ என்போம், அவர்கள் எங்களை ‘பாஷா’ என்பார்கள்.

“உஸ்தா, இப்போ பேசலாமா? வண்டி ஓட்டிட்டு இருக்கீங்களா?”

“எங்க ஓட்டுறது? மன்சூரா ஸ்டாண்டுலதான் நிக்கிறேன். இன்னும் ஒரு சீட்டு காலி, நிறைஞ்சாத்தான் கிளம்புவேன். நீங்க வர்றீங்களா பாஷா?”

பின்னணியில் வாத்துகள் கத்தின. ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னேன், தனிப்பட்ட கேள்விகள் என்றேன்.

“இவங்ககிட்ட எனக்கென்ன ரகசியம்? கேளுங்க.”

“புகைபிடிக்கிறீங்களா?”

“விட்டுட்டேன்.”

“எப்போ விட்டே?” என்றது ஒரு பெண் குரல். “இப்பதானே ஜன்னல் வழியா எறிஞ்சே? சாம்பல் எல்லாம் என் வாத்து மேல!”

“ஹாஜா, பெரிய விஷயம் பேசிட்டு இருக்கேன். குறுக்கே வராதே.” வயதான பெண்களை ‘ஹாஜா’ என்பது எங்கள் ஊர் மரியாதை.

“பெரிய விஷயத்துலயா பொய் சொல்வே?”

நான் ‘ஆம்’ என்று பதிந்தேன். தூக்கம் கேட்டேன், திருப்பிக் கேட்டார். உப்பு கேட்டேன், திருப்பிக் கேட்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ இடது கையில் கனமோ ஏற்படுகிறதா?”

“இல்ல, அல்லாஹ்வுக்கு நன்றி. உங்களுக்கு?”

‘நல்லா இருக்கேன்’ நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. வெளியே வரவில்லை. அன்று காலை தையல் வகுப்பு வரைகூட ஏற முடியாமல், முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

“பாஷா? லைன் போயிடுச்சா?”

“இருக்கேன். அடுத்த கேள்வி, உஸ்தா...”

“அடுத்தது கிடக்கட்டும். நீங்க கேட்டதுக்கெல்லாம் நான் சொன்னேன்ல? வலி இருக்கா, இல்லையா?”

“கொஞ்சம்.”

வண்டியே கொந்தளித்தது. “என் கொழுந்தனும் கொஞ்சம்னுதான் சொன்னான்!” என்றார் வாத்துக்கார ஹாஜா.

“அவருக்கு என்ன ஆச்சு?”

“அதைக் கேக்காதே! இப்போ உட்கார்ந்திருக்கும்போதும் வலிக்குதா, அதைச் சொல்லு.”

“லேசா.”

“எந்தக் கட்டடம்?” என்றார் கரீப். பிறகு வண்டிக்குள் திரும்பிக் கத்தினார்: “தல்காவுக்கு அவசரம்னா இறங்கிக்கலாம்!”

யாரும் இறங்கவில்லை.

நான்கு மாடி ஏறி வந்த கரீப் என்னைவிட மோசமாக மூச்சு வாங்கினார். அவரும் நெவின் மேடமும் என்னை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். வண்டியில் ஹாஜா பக்கத்தில் இடம், காலடியில் வாத்துகள். வழியெல்லாம் ஹாஜா எனக்காகக் கையேந்திப் பிரார்த்தித்தார், நடுநடுவே திட்டினார்.

“எத்தனை நாளா வலி?” என்றார் அவசரப் பிரிவு டாக்டர்.

“இப்பத்தான் கொஞ்சம்...”

“ராகிப்,” என்றார் நெவின் மேடம், “பதிலை ஒழுங்கா சொல்லுங்க.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அதற்கு மருந்துதான் காரணம் என்று இன்றும் சாதிக்கிறேன்.

இதயக் குழாய் ஒன்று ஏறக்குறைய அடைத்துவிட்டதாம். மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, உள்ளே சின்னதாக வலைக்குழல் வைத்துத் திறந்தார்கள். “இன்னும் தள்ளிப் போட்டிருந்தா எங்களுக்கு வேலையே இருந்திருக்காது” என்றார் டாக்டர். அப்பா போன பாதையில் போய், என் காலாலேயே திரும்பப் போகிறேன் என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வார்டில் நஜ்லா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையை ஆட்டி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கரீப், மடியில் என் ஷூக்களோடு.

“இன்னும் போகலையா உஸ்தா?”

“எப்படிப் போறது? இதை யார்கிட்டயாவது குடுக்கணும்ல?”

நஜ்லா அங்கேதான் இருந்தாள், கட்டிலுக்கு அடியில் இடமும் இருந்தது. கரீப் என் ஷூவின் தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது நெவின் மேடம் போன் செய்தார். உடம்பை விசாரித்துவிட்டுத் தயங்கினார்.

“உங்க கடைசி அழைப்பு பாதியிலேயே நிக்குது. காரணம் போடாம கம்ப்யூட்டர் அதை மூட விடாது. ‘மறுத்துவிட்டார்’, ‘எண் மாறிவிட்டது’, ‘இறந்துவிட்டார்’. மூணுதான் இருக்கு. எதைப் போடட்டும்?”

“எதுவும் பொருந்தாது மேடம். அவர் இங்கதான் உட்கார்ந்திருக்கார். நானும் இருக்கேன்.”

ஒரு சின்னப் பிழைக்கே நாள் முழுக்க முகம் சுளிக்கும் அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அப்போ திறந்தே இருக்கட்டும்” என்றார்.