நன்றியுரைச் செவ்வந்தி

எங்கள் கல்லூரியில் என் பெயர் நன்றியுரைச் செவ்வந்தி. எந்த விழாவானாலும் உடன்படிக்கும் இராஜாங்கத்துக்குச் சிறப்புரை, எனக்கு நன்றியுரை. வயலில் நாற்று நடும் கூலியாள் வீட்டுப் பெண்ணுக்கு நன்றி சொல்ல மட்டும்தான் வாய் இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ. 'நன்றியுரை' என்று காதில் விழுந்ததும் நம்மூர்க் கூட்டம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடும். ஒருமுறையாவது நான் பேசுவதை நாலு பேர் இருந்து கேட்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

அந்த வருஷம் தஞ்சாவூர்ப் பக்கம் மெட்ராஸ் கண்வலி வந்தது. விடுதியில் சிலருக்குக் கண் தக்காளியாகிவிட்டது. முதல்வர் பஞ்சாபகேசன் அறிவிப்புப் பலகையில் 'கூட்டம் கூடாதீர்' என்று ஒட்டினார். அதைப் படிக்க மொத்தக் கல்லூரியும் பலகை முன்னால் முட்டி மோதியது. மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு விடுதிகளுக்கு நடுவே இருந்த மைதானத்தில் மைக்செட் கட்டி, கட்சி மேடைகளில் பழகிய இராஜாங்கத்தை ஏற்றினார்.

"அஞ்சு நிமிஷம் போதும்ப்பா. கண்ணைத் தொடாதீங்க, ரூமுக்குப் போங்கன்னு சொல்லிடு."

அஞ்சு நிமிஷமா! இராஜாங்கம் வியட்நாமில் ஆரம்பித்து நில உச்சவரம்புக்கு வந்தான். "உழுகிற கைக்கே நிலம்! அழுகிற கண்ணுக்கே மருந்து!" என்றான். கைதட்டல் காதைப் பிளந்தது. வேலை முடிந்து சேற்றுக் காலோடு போன ஆட்களும் கூலிப் போராட்டக் கூட்டம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டார்கள். மேடை ஏறியவனுக்குத் துண்டு போர்த்தாமல் விடுவோமா? கிடைத்தது ஒரே துண்டு. ஒவ்வொரு துறையும் வரிசையில் வந்து அதையே போர்த்தியது. நடுநடுவே இராஜாங்கம் அதில் முகம் துடைத்தான். போர்த்த வந்தவர்களும் துடைத்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முதல்வர் என்னிடம் ஓடிவந்தார். "கூட்டத்தைக் கலைச்சாகணும்மா. போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"போலீஸ் எதுக்கு சார்? நான் இருக்கேனே."

மைக்கைப் பிடுங்கினேன். "அடுத்ததாக, நன்றியுரை!"

அவ்வளவுதான். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடினார்கள். இராஜாங்கமும் ஓடினான். முதல்வர் துள்ளிக் குதித்தார். எனக்கு மட்டும் குதிக்கத் தோன்றவில்லை. கூட்டத்தைக் கலைத்தது என் பேச்சு இல்லையே, அதைக் கேட்க யாருக்கும் பிடிக்காததுதானே!

மைக்கை வைக்கப் போனேன்.

"வைக்காதே. சொல்ல வேண்டியதை இன்னும் யாருமே சொல்லலியேம்மா," என்றார் முதல்வர்.

உண்மைதான்! டாக்டர் சொன்னதை அவர் எடுத்துக்கொடுக்க, காலி மைதானத்தைப் பார்த்து வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். "ஆளுக்கொரு துண்டு வச்சுக்குங்க. சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்க. கண்ணு செவந்தவங்க ஜன்னல்ல நின்னு கையாட்டுங்க, சோறு உங்க ரூமுக்கே வரும். பயப்படாதீங்க, சரியாப் போயிடும்."

ஒரு ஜன்னல் திறந்தது. ஒரு கை ஆடியது. பிறகு அடுத்த ஜன்னல், அதற்கடுத்தது. மாடியிலிருந்து இராஜாங்கம் கத்தினான்: "செவ்வந்தி, தாய்ப்பால் விட்டாப் போயிடுமாமே?"

"ஆம்பளைங்க விடுதியில அதுக்கு எங்கே போவே? ஒண்ணும் ஊத்தாம, கழுவிட்டுப் படு!"

இரண்டு விடுதியும் சிரித்துக் குலுங்கியது. நான் தொடர்ந்து பேசினேன். சாப்பாட்டு மணி அடித்தது. ஒரு ஜன்னல்கூட மூடவில்லை.