மஞ்சள் மூடி ஜாடிகள்

கனாவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஆலை ஒரே ஒரு சரக்கைத்தான் செய்கிறது. சல்ஃபாமிக் அமிலம். பார்வைக்குச் சர்க்கரை மாதிரி இருக்கும். பால் பண்ணைக் குழாய்களில் படியும் கறையைக் கரைக்க, கொதிகலனைத் துலக்க, கழிப்பறை கழுவ என்று அதற்கு நூறு வேலை. முப்பத்தொரு வருஷமாக அந்தத் தூசியைத்தான் மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறேன். மூக்கில் மணம் பாதி போய்விட்டது. மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினேன், இரண்டு பெண்களைப் படிக்கவைத்தேன்.

சீனாவிலிருந்து இதே சரக்கு அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கியபோது அரசாங்கம் அதன்மேல் கூடுதல் வரி போட்டது. நாலு வருஷம் மூச்சு விட்டோம். பிறகு வரி இல்லாமல் இன்னொரு சரக்கு வர ஆரம்பித்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அதே சல்ஃபாமிக். மீதி ஐந்து பங்கு சிட்ரிக் அமிலம், சோடாவில் புளிப்புக்குப் போடுவார்களே, அது. மூட்டையில் ‘துப்புரவுக் கலவை’ என்று அச்சடித்திருந்தது. பெயர் வேறு, அதனால் வரி கிடையாது.

இது வரிக்குப் பயந்து வேஷம் மாற்றிய அதே சரக்குதான், விசாரித்து வரியைப் போடுங்கள் என்று வாஷிங்டனுக்கு மனுப் போட்டோம். கம்பெனி ஒரு மனு, தொழிற்சங்கம் ஒரு மனு. சங்கத்துக்கு நான்தான் தலைவர், ஆர்லிஸ் ஸ்கீன். மனு ஜெயித்தால் ஆலை பிழைக்கும். தோற்றால் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை போகும். தலைமை அலுவலகம் அதை மறைக்கவில்லை, கடிதமாகவே எழுதி அனுப்பியிருந்தது.

இறக்குமதிக்காரர்கள் சொன்ன வாதம் ஒன்றே ஒன்று. ‘இது வேறு சரக்கு. எந்தப் பால் பண்ணைக்காரனும் இந்தக் கலவையைத் தன் குழாயில் விடமாட்டான்.’ அதை உடைக்க வேண்டுமென்றால், யாராவது அதைப் பால் குழாயில் விட்டு, வித்தியாசமே தெரியாமல் இருந்திருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தது. நடத்தியது நாங்கள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜனவரியில் எங்கள் ட்ரையரின், அதாவது சரக்கை உலர்த்தும் உருளையின், அச்சு முறிந்தது. புது அச்சு வர மூன்று வாரம். பால் பண்ணை ஆர்டர்கள் காத்திருந்தன. மேனேஜர் ஆஸ்ட்ராண்டர், பால்டிமோரில் ஒரு தரகரிடம் அந்தக் கலவையையே பில் இல்லாமல் இரண்டு லாரி வாங்கினார். கிடங்கில் நான், பர்ல், இன்னும் நாலு பேர் சீன மூட்டைகளை அறுத்து எங்கள் மூட்டைகளில் மாற்றினோம்.

“எதிரி வடிச்ச சோத்தை நம்ம தட்டுல போட்டு நாமளே பரிமாறுறோம் பாரு,” என்றான் பர்ல். “இதுக்கு ஓவர்டைம் வேற.”

ஒஹாயோவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் போன அந்தச் சரக்கைப் பற்றி ஒரு பண்ணையிலிருந்தும் புகார் வரவில்லை. ஆனால் ஆஸ்ட்ராண்டர் மனுவில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் என்றால், ‘இந்தக் கம்பெனி அந்தக் கலவையை ஒருபோதும் வாங்கியதில்லை.’

ஆய்வகத்தில் வெர்லா காஸ்டோ. இருபத்தாறு வருஷ சர்வீஸ். வெளியே போகும் ஒவ்வொரு தொகுதிச் சரக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்து ஜாடியில் போட்டுச் சீட்டு ஒட்டி வைப்பது அவள் வேலை. மாதத்துக்கு ஒரு நிற மூடி. ஜனவரிக்கு மஞ்சள். நாளைக்கு யாராவது புகார் சொன்னால் எடுத்துச் சோதிக்க. இரண்டு வருஷம் ஆனதும், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பழைய ஜாடிகளைத் தள்ளுவண்டியில் நான் பார்த்துக்கொள்ளும் சுண்ணாம்புக் குழிக்குக் கொண்டுவருவாள். கொட்டி அமிலத்தை அடக்குவோம்.

அந்த ஜனவரியில் இந்தக் கலவை போன ஒன்பது தொகுதிகளிலும் ஒரு சிட்டிகை எடுத்து அவள் சூடுகாட்டிப் பார்த்திருந்தாள். எங்கள் சரக்கு அந்தச் சூட்டில் வெள்ளையாகவே நிற்கும். இது உருகிப் பழுப்பாகிக் கருகின சர்க்கரை நெடி அடித்ததாம். பதிவேட்டிலும் எழுதிவிட்டாள். ‘வெளியில் வாங்கியது. சூட்டில் பழுப்பு.’ யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

இந்த ஜனவரி நடுவில் சாப்பாட்டு அறையில் எதிரே வந்து உட்கார்ந்தாள். இறைச்சி வைத்த பெப்பரோனி ரோல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஆர்லிஸ், அந்த ஒம்பது ஜாடியும் இன்னும் இருக்கு. தெரியுமில்ல?”

“மெல்லப் பேசு.”

“ஏன், திருடியா வெச்சிருக்கேன்? மனுவை விசாரிக்க வர்ற அதிகாரிங்களுக்கு அதைவிட வேற என்ன வேணும்? இந்தா சாமான், இந்தா நம்ம சீட்டு, இத பாரு ஒரு புகார்கூட இல்ல. முடிஞ்சது கதை.”

“ஆஸ்ட்ராண்டர் சொன்ன பொய்யும் சேர்ந்து வெளிய வரும். கம்பெனி மனுவைத் தூக்கிப் போட்டுடுவாங்க.”

“சங்கத்து மனு?”

நான் பிட்ஸ்பர்க்கில் எங்கள் சங்க வக்கீலைப் போனில் கேட்டிருந்தேன். ஜாடியைக் காட்டினால் சங்கத்து மனு நிற்கலாம், நிற்காமலும் போகலாம், பாதிக்குப் பாதி. காட்டாவிட்டால் கையில் ஆதாரமே இல்லை, தோல்வி நிச்சயம் என்றார். வெர்லாவிடம் சொன்னேன்.

“அப்புறம் என்ன யோசனை? சிவப்புச் சீட்டு கட்டிடறேன். கையெழுத்து போடு.”

சிவப்புச் சீட்டு கட்டிய ஜாடியை யாரும் தொடக் கூடாது. ஆனால் அந்தச் சீட்டின் நகல் மேனேஜர் மேஜைக்குப் போகும். போனால் அன்று சாயங்காலமே ஜாடி இருக்காது, ஒருவேளை நானும் வேலையில் இருக்கமாட்டேன்.

“சீட்டு வேண்டாம். இருபத்தெட்டாந்தேதி அவங்க வர்றாங்க. நேரா கூட்டிட்டு வந்து நானே காட்டுறேன்.”

“காட்டுவியா? உன் பொண்டாட்டிகிட்ட கூரைக்குத் தகடு மாத்துறேன்னு பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்க. அதான் கேட்டேன் கண்ணு.”

“காட்டுறேன் வெர்லா.”

இருபத்தாறாம் தேதி ஆஸ்ட்ராண்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தவில்லை. அந்த அளவு தைரியம்.

“அந்த ஜனவரியைப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல, ஆர்லிஸ். கேக்காத கேள்விக்கு நீங்க பதில் சொல்ல வேணாம்.”

“கேட்டா?”

“ட்ரையர் ரிப்பேர் ஆச்சு, கையிருப்பை வித்தோம். நூத்துப் பன்னெண்டு குடும்பம். உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?”

இருபத்தேழாம் தேதி பனி கொட்டியது. மலைப்பாதை மூடிவிட்டார்கள். விசாரணை அதிகாரிகள் வருகை பிப்ரவரி பன்னிரண்டுக்குத் தள்ளிப்போனது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் அக்கர்மன் என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும், பனிக்கு ஏற்ற நல்ல பூட்ஸ் போட்டிருந்தார். கூட ஓர் இளைஞர், எழுதிக்கொள்ள. கம்பெனி வக்கீல் பெல் என்ற பெண்மணி வாஷிங்டனிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டார். அவருக்கு ஜாடி விஷயம் எதுவும் தெரியாது. ஆஸ்ட்ராண்டர் சொல்லியிருக்கவில்லை.

காலை முழுக்கக் கம்பெனிக் காகிதங்களைப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சங்கத்தின் முறை. அக்கர்மன் கேட்டார்.

“ரெண்டு சரக்கும் ஒண்ணுதான்னு உங்க மனுவுல சொல்றீங்க. வாங்குறவங்க ஒண்ணாத்தான் நெனைக்கிறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஆஸ்ட்ராண்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்றதைவிடக் காட்டிடறேன் மேடம். என்கூட வாங்க,” என்றேன்.

“எங்க போறோம்?” என்றார் பெல். “ஆர்லிஸ், இது பட்டியல்ல இல்லையே.”

“ஜாடி அறைக்கு.”

ஆஸ்ட்ராண்டர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியிலேயே இருந்தார். வழியில் ஆய்வகத்தில் வெர்லாவையும் கூட்டிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நடைபாதையில் நிமிர்ந்து நடந்தேன் என்று நினைக்கிறேன்.

வெர்லா கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். வரிசையாக அலமாரிகள். நீல மூடி, பச்சை மூடி, கறுப்பு மூடி. மஞ்சள் தட்டில் போன வருஷத்து ஜாடிகளும் போன மாதம் முடிந்த ஜனவரியின் ஜாடிகளும் இருந்தன. அதற்குப் பக்கத்துத் தட்டு காலி. துடைத்து, புதுக் காகிதம் விரித்திருந்தது.

வெர்லா அந்தக் காகிதத்தின்மேல் கையை வைத்தாள். அப்படியே நின்றாள்.

“செவ்வாய்க்கிழமை,” என்றாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாலாம் தேதி, முதல் செவ்வாய். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு குழிக்கு வந்தாள். அந்த ஜனவரி முழுசுக்கும் முப்பத்தாறு ஜாடி, அந்த ஒன்பதும் சேர்த்து. அவள் மூடியைத் திருகித் தர, நான் வாங்கிக் கொட்டினேன். தலைமை அலுவலகத்துக் கடிதத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவள் சீட்டைப் படிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக அவள் படித்ததில்லை, நிறத்தைப் பார்த்து எடுப்பாள். நானும் படிக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் மனசிலும் அந்த ஜாடிகள் ‘ட்ரையர் உடைந்த குளிர்காலத்து ஜாடி’களாகத்தான் இருந்தன. அதற்கு இரண்டு வருஷம் நிறைந்துவிட்டது என்று கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பனி பெய்யாமல் இருந்திருந்தால் தப்பியிருக்கும். நான் சிவப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் தப்பியிருக்கும்.

“எதைக் காட்டறதா இருந்தீங்க?” என்றார் அக்கர்மன்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அச்சு முறிந்தது, இரண்டு லாரி, நாங்கள் அறுத்த மூட்டை, வராத புகார். பெல் நடுவில் இரண்டு தடவை “ஆர்லிஸ், போதும்” என்றார். நான் நிறுத்தவில்லை.

“பதிவேடு இருக்கா?”

வெர்லா எடுத்துவந்து கொடுத்தாள். அக்கர்மன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். இளைஞர் படம் எடுத்துக்கொண்டார்.

“வெளியில் வாங்கியது, பழுப்பு. சரி. இது கம்பெனி வாங்கியிருக்குன்னு காட்டுது. என்ன சாமான் வாங்கினாங்கன்னு இது காட்டலையே. மாதிரி வேணும்.”

“குழியில போயிடுச்சு மேடம்.”

“எப்போ?”

“நாலாந்தேதி.”

“நாங்க வர்றோம்னு உங்களுக்குத் தகவல் வந்ததுக்கப்புறம்.”

“வழக்கமா கொட்டுறதுதான் மேடம்,” என்றாள் வெர்லா. “மாசாமாசம் கொட்டுறது. எதையும் ஒளிக்கல. நானே எடுத்துக் குடுத்தேன். என் கைதான் குடுத்துச்சு, நான் இல்ல. உங்களுக்குப் புரியாது.”

“புரியுதுங்க,” என்றார் அக்கர்மன். நல்ல பெண்மணி, கிண்டல் எதுவும் இல்லை. “ஆனா நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். நான் பார்த்தது காலித் தட்டு.”

“பண்ணைக்காரங்ககிட்ட கேளுங்க. அவங்க பயன்படுத்தியிருக்காங்க.”

“எதைப் பயன்படுத்தினோம்னு அவங்களுக்கே தெரியாதே ஆர்லிஸ். உங்க மூட்டையிலதானே போச்சு.”

வெர்லா பதிவேட்டை வாங்கி மூடினாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் பெல் என்னைப் பிடித்துக்கொண்டார். கோபத்தில் உதடு வெளுத்திருந்தது.

“ஜாடி இருந்திருந்தா உங்க மனுவாவது நின்னிருக்கும். வாயைத் திறக்காம இருந்திருந்தா எங்க மனு எப்படியாவது தள்ளாடிட்டு நின்னிருக்கும். நீங்க ரெண்டையும் ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டீங்க.”

“பொய்யில கையெழுத்துப் போட்டது நான் இல்லையே.”

“அதுல என் கையெழுத்தும் இருக்கு,” என்றார். “அந்த ஆள் என்கிட்டயும்தான் பொய் சொன்னான்.” காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ரொம்ப நேரம் வண்டியைக் கிளப்பவில்லை.

ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கம்பெனி கொடுத்த விவரங்களை நம்ப இயலவில்லை. சங்கம் சொன்னதற்குச் சோதிக்கத்தக்க மாதிரி இல்லை. கலவை வரியை ஏய்க்கிறது என்று முடிவுகட்ட ஆதாரம் போதாது. விசாரணை முடிக்கப்படுகிறது. நாலே வரி. அடுத்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்தது. ஜூன் முப்பதோடு உற்பத்தி நிற்கும். கிடங்கு மட்டும் இருக்கும், ஆறு பேருடன். அதில் என்ன வைப்பார்கள் என்று கேட்டேன். அந்தக் கலவையைத்தான் வாங்கி விற்கப் போகிறார்களாம். அதற்கும் ஆஸ்ட்ராண்டர்தான் மேனேஜர்.

சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டேன். யாரோ வீட்டிலிருந்து ஒரு பானை பீன்ஸும் சோளரொட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். யாரும் தொடவில்லை. நடந்ததை விடாமல் சொன்னேன். கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

பர்ல்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“அப்ப தப்பு யார் மேல?”

“என் மேல.”

“என் மேலயும்தான்,” என்றாள் வெர்லா பின்வரிசையிலிருந்து.

“உங்க ரெண்டு பேரையும் தூக்குல போட்டா ட்ரையர் ஓடுமா?” என்றான் பர்ல். சிரிப்பு வரும் என்று நினைத்துச் சொன்னான். வரவில்லை. “அந்த ஆறு பேர்ல என்னைச் சேர்க்கறதா ஆஸ்ட்ராண்டர் சொல்லியிருக்கான். போகத்தான் போறேன். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என் முதுகுக்குப் பின்னால பேசாதீங்க.”

அவனிடத்தில் நான் இருந்தால் நானும் போயிருப்பேன்.

மூட்டை கட்டும் பிரிவில் இருக்கும் க்ளீவ் ராட்லிஃப் கையைத் தூக்கினார். அறுபது வயது. கூட்டங்களில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் மனைவிக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு, சார்ல்ஸ்டன் ஆஸ்பத்திரியில்.

“கம்பெனி இன்சூரன்ஸ் எதுவரைக்கும் இருக்கும் ஆர்லிஸ்?”

“ஜூன் முப்பது.”

“அன்னிக்கு ராத்திரி வரைக்குமா, இல்ல காலையிலேயே போயிடுமா? அவளுக்கு அன்னிக்கு முறை இருக்கு.”

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் என் பேனாவை வாங்கி உள்ளங்கையில் தேதியை எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்.