மாமா வாய் திறக்காத நாள்

அக்கா வீட்டுக்காரருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வைத்த பெயர் ரேடியோ. மாவு பிசையும்போதும் தட்டு அடுக்கும்போதும் அவர் வாய் ஓயாது. நான், அக்கா, மாமா மூவரும் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் ஒரே அறையில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் வேகும் ரொட்டியின் வாசனை. தலையணை உறையில்கூட அதுதான். இப்போது எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஆனாலும் கனவில் வருவது அந்த அறைதான்.

பிழைக்கப் போன அந்த நாட்டில் தங்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தோம்; பதில் வந்தபாடில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மா ஒருவர் வந்து தொழிலாளர்களுக்கு விளக்கினார். தெருவில் குடியேற்ற அதிகாரிகள் நிறுத்தினால் ஓடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. போகலாமா என்று கேட்க வேண்டும். விடாவிட்டால், வக்கீல் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அது நம் உரிமை.

"மத்ததெல்லாம் சரிங்க. இவர் எப்படிப் பேசாம இருப்பாரு?" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும்தான்.

அதன் பிறகு ஒரு நாள் மாமா வேலை முடிந்து, சந்தைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருந்தார். நானும் அக்காவும் இன்னும் தொழிற்சாலைக்குள் வேலையில் இருந்தோம். என்ன வாங்கி வர வேண்டும் என்று போனில் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அக்காவின் போனில் நானும் காதை வைத்தேன். யாரோ அதட்டலாக, எங்கே பிறந்தாய் என்று கேட்டார்கள். போகலாமா என்று மாமா கேட்டார். முடியாது என்றார்கள். வக்கீல் வேண்டும் என்றார். அப்புறம் எத்தனை கேட்டும் அவர் குரல் வரவில்லை. வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நீதிமன்றத்தில் வக்கீலம்மா அதிகாரியிடம், அத்தனை பேர் நின்ற இடத்தில் இவரை மட்டும் ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டார். தெரியாத மொழியில் பேசினார், கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டார், அதனால் சந்தேகம் வந்தது என்றார் அதிகாரி. தாய்மொழியில் பேசுவதும் குற்றமில்லை, பேசாமலிருப்பதும் குற்றமில்லை என்றார் நீதிபதி. காரணமில்லாமல் பிடித்தது சட்டப்படி செல்லாது என்று மாமாவை விடுவித்தார்.

வீட்டுக்கு வந்தவர் நேரே சாப்பிட உட்காரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையையே பார்த்தார்.

"உள்ள என் பக்கத்துல ஒரு மேஸ்திரி இருந்தாரு. அழுதுகிட்டே என்னென்னவோ கேட்டாரு. பேசினா வம்பாயிடுமோன்னு பயந்து நான் ஒரு வார்த்தை பதில் சொல்லல. ஆறுதலாக்கூட ஒண்ணும் சொல்லலடி."

அக்கா அப்போதே செருப்பை மாட்டினாள். "வாங்க, வக்கீலம்மாகிட்ட போவோம். அவரு இன்னும் உள்ளதான இருப்பாரு?"

இருந்தார். அவரையும் அப்படித்தான், கட்டட வேலைக்குப் போகும் வழியில் பிடித்திருந்தார்கள். வக்கீலம்மா அவருக்காகவும் வாதாடினார். இழுபறிக்குப் பிறகு அவரும் வெளியே வந்தார்.

மேஸ்திரி முதல் தடவை எங்கள் அறைக்கு வந்தபோது மாமா எழுந்து நின்று, மன்னிப்புக் கேட்கத் தடுமாறினார். மேஸ்திரி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜன்னலோரம் ஈரம் ஊறிப் பெயர்ந்திருந்த சுவரைத் தட்டிப் பார்த்தார். மறுவாரம் சிமெண்ட் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே பூசிக் கொடுத்தார். அன்று நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அனுமதி கிடைத்து அந்த அறையைக் காலி செய்த நாளில், அக்கா அந்தச் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.