பன்னிரண்டாவது சம்மதம்

படார்!

கதவை அறைந்து சாத்திய வேகத்தில் சுவரில் இருந்த முருகன் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தனுஜா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"டேய் நிமலா! மிஸ்மாரு வந்திருக்காங்கடா. கதவத் தொற!" விஜயலெட்சுமி மகனின் அறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. அசட்டுச் சிரிப்போடு திரும்பினாள். "ஒண்ணுமில்ல மிஸ். கூச்சப்படுறான். நீங்க உக்காருங்க."

பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிய கதிரைகள் போட்டிருந்தன. அவற்றில் பாதியில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பதுளையிலிருந்து வேன் வருவது தினமும் நடக்கிற காரியமா என்ன?

"பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாங்கன்னு பயந்துட்டான் போல!" என்றாள் வேலாயி என்ற பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

தனுஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கதவு திறக்காவிட்டால் நாளைக்கு அவள் ஆய்வுக் குழுவின் தலைவியாக இருக்கப் போவதில்லை.

ஊவாத் தோட்டங்களில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்பதைப் பற்றிய ஆய்வு அது. பணம் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ஆட்டிசம் உள்ள ஒருவர்தான் தலைமை தாங்க வேண்டும். பதுளையில் படித்து வளர்ந்து, பட்டம் வாங்கிய பிறகுதான் தனக்கும் ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டவள் தனுஜா. ஆய்வை நடத்தும் பேராசிரியர் அவளைத் தேடிப் பிடித்தார். பெயருக்கு ஒருத்தி இருந்தால் போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அவள் முதல் கூட்டத்திலேயே ஒரு விதியைப் போட வைத்தாள். யாரைப் படம் பிடிக்கிறோமோ அவரே சம்மதிக்க வேண்டும். அம்மா கையெழுத்து மட்டும் போதாது. பேச்சு வராதவர் என்றால் படம் காட்டிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"நடைமுறைக்குச் சரிவராது" என்று பேராசிரியர் அப்போதே முகத்தைச் சுளித்தார்.

நாளைக் காலை, பணம் கொடுத்தவர்களின் குழு கொழும்பிலிருந்து வந்து பதுளையில் கூடுகிறது. பன்னிரண்டு பேரின் வீடியோ வேண்டும். பதினொன்று தயார். பேச்சு வராத நிமலன் பன்னிரண்டாவது ஆள். அது கிடைக்காவிட்டால் தனுஜாவின் விதிதான் காரணம் என்று, நிபந்தனையைத் தளர்த்தித் தலைமையை வேறொருவரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதோடு முடியுமா? 'பார்த்தீர்களா, அவர்களால் முடியாது' என்ற பேச்சு, அடுத்து வருகிறவர்களுக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்.

முந்தைய பதினொரு வீடுகளுக்கும் ஆய்வுக் குழுவில் இருந்த டொக்டர் நஸ்மியாதான் போய்வந்தாள். மலைப்பாதை வளைவுகளும் வேன் இரைச்சலும் தனுஜாவை இரண்டு நாள் படுக்கையில் போட்டுவிடும். "நீ கேள்விகளப் பாரு தனு, வீடுகள நான் பாத்துக்கிறேன்" என்று நஸ்மியா சொன்னபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது! தலைவி ஒரு வீட்டுக்காவது போயிருக்க வேண்டும் என்று பேராசிரியர் கட்டளையிட்டதால் இன்று இருவருமாக வந்திருக்கிறார்கள்.

"காலையில இருந்தே இப்படியாக்கா?" என்று கேட்டாள் தனுஜா.

"தீவாளிச் சட்டையப் போட்டுவிட்டேன். அப்பவே மூஞ்சி சரியில்ல. நானே காலையில பேர் பதியுற பெரட்டுக் களத்துல கங்காணிகிட்ட கெஞ்சி, அரை நாள் சம்பளத்த விட்டுட்டு ஓடி வந்திருக்கேன் மிஸ். இவன் என்னடான்னா..."

"எனக்கும் புதுச் சட்டைன்னா உடம்பெல்லாம் முள்ளாக் குத்தும். எனக்கும் ஆட்டிசம்தான்கா."

"நீங்களா?" விஜயலெட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பார்த்தா அப்படித் தெரியலையே மிஸ்."

"பார்த்ததும் தெரியுறதுக்கு அது என்ன அம்மைத் தழும்பா?"

வேலாயி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் தனுஜாவின் காது கூசியது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் கொஞ்சம் வெளிய இருந்தா நல்லது. எனக்கே மூச்சு முட்டுது. அவருக்கு எப்படி இருக்கும்?"

'அவர்' யார் என்று விஜயலெட்சுமி ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மகனைத்தான் சொல்கிறாள் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள். நஸ்மியா பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றில் கெமரா. மற்றதிலும் அதே கெமரா, மேலே சிவப்பில் பெரிய குறுக்குக்கோடு. தனுஜா தரையில் உட்கார்ந்து இரண்டையும் கதவின் அடியில் உள்ளே தள்ளினாள்.

"நிமலன், என் பேர் தனுஜா. உங்கள வீடியோ எடுக்கலாமான்னு கேக்க வந்திருக்கேன். சரின்னா கெமராப் படத்த வெளிய தள்ளுங்க. வேணாம்னா கோடு போட்டதத் தள்ளுங்க. அவசரமில்ல."

அவசரமில்லை என்றது மட்டும் பொய்.

தேநீர் வந்தது. ஆறிப் போனது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வெளியே வேன் ஹோர்ன் அலறியது. தனுஜா துள்ளி விழுந்தாள்.

"மிஸ்!" சாரதி காமில் வாசலில் தலையை நீட்டினான். கையில் பாதி ரொட்டி. "மேல ஒரே மூட்டமா இருக்கு. மழ பிடிச்சா மண் சரியுற இடத்துல ரோட்ட மூடிருவாங்க. அப்புறம் ராத்தங்கல் இங்கதான். எனக்கு ஒண்ணுமில்ல, ரொட்டி நல்லா இருக்கு."

"ஹோர்ன் அடிக்காதீங்க காமில், ப்ளீஸ்."

நஸ்மியா அவள் காதருகே குனிந்தாள். "தனு, பின்பக்க ஜன்னல் தொறந்துதான் கெடக்கு. அங்கருந்து கொஞ்ச நேரம் எடுத்தாப் போதும். அவருக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாமயா?"

"அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. வேற என்ன செய்ய ஏலும்? நாளைக்கு உன்னத் தூக்கிருவாங்கடி!"

தனுஜா எழுந்து வெளியே போனாள். வீட்டைச் சுற்றிப் பின்பக்க மூலைவரை போய்விட்டாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் ஜன்னல். ஒரே ஒரு வீடியோ. யாருக்கும் நஷ்டமில்லை. கேட்டால் அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்ததை யாரோ போனில் எடுத்து வகுப்பு முழுக்க அனுப்பியதும் அவளுக்குத் தெரியாமல்தான். திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"நான் ஒரு வழி சொல்லவா மிஸ்?" விஜயலெட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "கட்டச் சம்பலோட ரொட்டி காட்டினா வந்துருவான். வந்ததும் பொசுக்குன்னு எடுத்துக்கங்க."

"வேணாங்க்கா."

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க?"

"காத்திருக்கப் போறேன்."

கூரைத் தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது. பேராசிரியரிடமிருந்து போன் வந்து, எடுக்காமலே நின்றது. மறுபடியும் வந்தது. தனுஜா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சர்ரென்று ஒரு சத்தம். கதவின் அடியில் ஒரு படம் வெளியே வந்தது.

குறுக்குக்கோடு போட்ட படம்.

"அவனுக்கு என்ன மிஸ் தெரியும்? கைக்கு வந்ததத் தள்ளுறான்" என்றாள் விஜயலெட்சுமி.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனுஜாவும் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதற்காக முகம் சுட்டது. "மத்தப் படத்தையும் தாங்க நிமலன், இன்னொரு தரம் கேக்குறேன்" என்றாள். அதுவும் வந்தது. வலதை இடமாக மாற்றி உள்ளே தள்ளினாள். அதே கேள்வி. மறுபடியும் குறுக்குக்கோடு. இன்னொரு தரம் கேட்டபோது அதே படம் வெளியே வந்த வேகத்தில் அவள் முழங்காலில் இடித்தது. கூடவே கதவில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி.

விஜயலெட்சுமி அப்படியே கதிரையில் உட்கார்ந்தாள். "அப்ப இவனுக்கு வெளங்குதா?"

"நல்லா வெளங்குதுக்கா."

"எடுத்தா ஏதாவது உதவி வரும்னு பாத்தேனே..."

"நாங்க அப்படிச் சொல்லலையேக்கா."

"நீங்க சொல்லல. கெமரா வந்தாப் பின்னாடியே ஏதாவது வரும்னு சனங்க சொல்லும். மீரியபெத்தையில மண்ணு சரிஞ்சப்பவும் எத்தன கெமரா வந்துச்சு!" அவள் மூடிய கதவையே பார்த்தாள். "நான் இவன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

தனுஜா கதவருகே குனிந்தாள். "சரி நிமலன். எடுக்கல. நாங்க போறோம்."

கதவு திறக்கவில்லை.

வேன் மூடுபனிக்குள் நுழைந்தபோது மூன்றாவது முறையாகப் போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"பன்னிரண்டாவது எங்க?" என்றார் பேராசிரியர்.

"இல்ல சேர். அவர் வேணாம்னு சொல்லிட்டார்."

"பேச்சு வராத ஆள் எப்படிச் சொன்னார்?"

"மூணு தரம் சொன்னார் சேர்."

"நாளைக்குக் குழுவுக்கு என்னத்தக் காட்டப் போறீங்க?"

அதை அவள் வேனில் ஏறியதிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதத்தான் சேர். பதினொரு பேர் ஒத்துக்கிட்டாங்க, ஒருத்தர் மறுத்தார். மறுக்க ஒரு வழி இருந்ததாலதான் மத்தவங்க சொன்ன சம்மதத்துக்கு மதிப்பு. வேற எந்த ஆய்வுல இப்படி ஒண்ணு இருக்கு?"

"அந்தப் பதினொரு பேரும் தாங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு நீங்க பொறுப்பெடுப்பீங்களா?"

"என் பேர்ல எடுக்குறேன் சேர்."

பேராசிரியர் பெருமூச்சு விட்டார். "நல்லது. அப்படியே இப்ப குழுவுக்கு எழுதி அனுப்புறேன். அங்க வந்து பின்வாங்கக்கூடாது."

தனுஜா போனை வைத்தாள். சிரிப்புகூட வந்தது. "ஒத்துக்கிட்டார் நஸ்மி! நம்ம பதினொண்ணு நம்மளக் காப்பாத்திருச்சு."

நஸ்மியா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

தனுஜா விரல்களை நீவிக்கொண்டே யோசித்தாள். இன்று ஒரே ஓர் ஆளின் பதிலுக்கு மத்தியானம் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. போன மாதம் நஸ்மியா ஒரே காலையில் மூன்று வீடுகளை முடித்துக்கொண்டு சாப்பாட்டுக்குப் பதுளைக்குத் திரும்பியிருந்தாள். பதினொரு பேரில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நஸ்மி."

"ம்."

"மத்தவங்கல்லாம் பதில் சொல்ல எவ்வளவு நேரமாச்சு?"

காமில் வைப்பரைப் போட்டான். நஸ்மியா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவங்க யாருகிட்டயும் நான் கேக்கல தனு. அம்மாமாருகிட்ட மட்டும்தான் கேட்டேன்."