மிளகு வாசனை

ஹெலன் நீட்டிய கண்ணாடிக் கோப்பைக்குள் கோகுல் மூக்கை நுழைத்தான். உள்ளே சிரா ஒயின் கருஞ்சிவப்பாகச் சுழன்றது. வாசனைதான் இல்லை. பச்சைத் தண்ணீரை முகர்ந்தாலும் அவனுக்கு இப்படித்தான் இருக்கும். காய்ச்சலில் போன மோப்பம் திரும்பவேயில்லை; திராட்சைப் பண்ணையில் யாருக்கும் அவன் அதைச் சொல்லவும் இல்லை. ஒயின் தயாரிப்பில் உதவியாளனாக இருப்பவனுக்கு மூக்குதான் சோறு போடுகிறது. வேலை போனால் விசா போகும். விசா போனால் மனைவி சிந்துவையும் பள்ளிக்கூடம் போகும் மகள் வைஷாலியையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊர் கம்பத்துக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

பண்ணை இருக்கும் வைஹெகி தீவின் சிரா திராட்சை அவனுக்கு மனப்பாடம். கடல் காற்று, களிமண் சரிவு, கோடை வெயில் எல்லாம் சேர்ந்து அந்தத் திராட்சைக்கு ஒரு மிளகு வாசனையைக் கொடுக்கும். போன வருஷம் முகர்ந்த நினைவை வைத்தே இத்தனை நாளும் ஒப்பேற்றிவிட்டான். இன்றும் அதையே அளந்தான்: நல்ல மிளகு, அடியில் பிளம் பழம், பாட்டிலில் அடைக்கலாம்.

பண்ணைக்காரி ஹெலன் அவனையே பார்த்தாள். இன்னொரு முறை முகரச் சொன்னாள். முகர்ந்தான், அதையே சொன்னான். அவள் கோப்பையை வாங்கி வாளியில் கவிழ்த்தாள். இந்தப் பீப்பாய் கெட்டுவிட்டது, மூடியைத் திறந்ததுமே அழுகிய முட்டை நாற்றம் அடித்ததே என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. திங்கட்கிழமை பேசலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தீவிலிருந்து படகிலும், பிறகு வீடு இருக்கும் பாபடோயிட்டோய்க்கு ரயிலிலும் வந்து சேர்ந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறையில் நின்ற சிந்துவிடம் பண்ணையில் நடந்ததைக் கொட்டினான்.

"மோப்பம் திரும்பிருச்சுன்னு நீங்கதானங்க சொன்னீங்க?"

"திரும்பிருச்சு. இன்னைக்கு லேசா சளி, அதான்."

எந்தப் பொய்யை யாரிடம் சொல்கிறோம் என்ற கணக்கே அவனுக்குத் தப்பிவிட்டது. விடியற்காலையில் அவளுக்குத் தெரியாமல் கிராம்பையும் காப்பித்தூளையும் முகர்ந்து முகர்ந்து ஓய்ந்தவன் அவன்.

சிந்து அடுப்பை அணைத்தாள். "கண்ண மூடுங்க."

மூடினான். பெருங்காய டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. காது நன்றாகத்தான் இருந்தது. அவள் கை முகத்துக்குக் கிட்டே வந்தது.

"பெருங்காயம்" என்றான்.

"வாசம் வருதா?"

"நல்லா வருது."

கண்ணைத் திறந்தான். திறந்த டப்பா மறுபடி மூடி அலமாரியில் இருந்தது. அவன் மூக்குக்கு முன்னால் சிந்துவின் வெறும் உள்ளங்கை, வெங்காயம் உரித்த ஈரம் காயாமல். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

கோகுல் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தான். மூக்கோடு வைத்து அழுத்திக்கொண்டு, இழுத்து இழுத்து மூச்சு வாங்கினான்.